கோட்டையில் நின்ற ராணியும் கவிழ்த்து வைத்த சைக்கிளும்

"சுத்தடி, சுத்து. திரை மங்குது."

இது என்னிலும் இரண்டு வயது மூத்த அண்ணையின் குரல். இடம், மட்டுவிலில் எங்கள் வீட்டு விறாந்தை. சோறு சாப்பிட்ட பிறகு வரும் அந்த வெக்கையான பின்னேரம். என்னுடைய சைக்கிள் தலைகீழாகக் கவிழ்ந்து, சீற்றும் ஹாண்டிலும் சீமெந்துத் தரையில் ஊன்றி, இரண்டு சில்லும் முகட்டைப் பார்த்தபடி நிற்கிறது. நான் ஒரு சின்ன மர வாங்கில் குந்தியிருந்து வலது கையால் பெடலைச் சுற்றுகிறேன்.

பின் சில்லில் உரசிக்கொண்டு டைனமோ இரைகிறது. அதிலிருந்து இரண்டு வயர் புறப்பட்டு, எனக்கு எதிரே கதிரையில் சாய்ந்திருக்கும் அண்ணையின் கையிலுள்ள சின்னப் பெட்டிக்குள் போகிறது. சவர்க்காரக் கட்டியளவு பெட்டி. அதற்குள் ஒரு கோட்டை, ஒரு வீரன், ஒரு ராணி. அண்ணை வீரன். ராணியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். நான் கரண்ட்.

போன கிழமை நான் எழுதிய மண்ணெண்ணெய்க் கியூ அத்தியாயத்தை வாசித்துவிட்டு அண்ணை ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்தார். "எழுதுறதெண்டால் எழுது. என்னை மட்டும் உதுக்குள்ளை இழுக்காதை" என்றார். பத்திரிகைக்காரர் வியாழக்கிழமைக்குள் அத்தியாயம் வேண்டுமென்று நிற்கிறார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை, அண்ணை.

ஜேர்மனியிலிருந்து வந்த குசினி

அந்தப் பெட்டி வந்தது கொழும்புப் பாதை திறந்திருந்த நாட்களில். ஜேர்மனியிலிருந்த எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, கொழும்புக்கு வந்த ஒருவரிடம் பார்சல் கொடுத்து விட்டிருந்தார். அம்மா கத்தரிக்கோலால் அதை வெட்டிய நேரம் எழும்பிய மணம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. சொக்கிளேற்றும் சவர்க்காரமும் புதுப் பிளாஸ்ரிக்கும் கலந்த மணம். வெளிநாடு முழுக்க இப்படித்தான் மணக்கும் என்று கனகாலம் நம்பியிருந்தேன்.

அண்ணைக்கு விளையாட்டுப் பெட்டி. எனக்கு ஒரு குசினி.

ஓம், குசினிதான். ரோஸ் நிறத்தில் உள்ளங்கையளவு சட்டி, விரல் நீளத்தில் அகப்பை, ஊதினால் பறந்துவிடும் ஒரு அடுப்பு. எனக்கு அப்போது பதினொரு வயது. சோறு வடிக்கத் தெரியும், மீன் வெட்டத் தெரியும். சோறு வடிக்கத் தெரிந்த பிள்ளைக்குச் சோறு வடிப்பதுபோல் நடிப்பதற்கு ஒரு சாமான் கடல் கடந்து வந்திருந்தது.

"மாமா எவ்வளவு ஆசையா அனுப்பியிருக்கிறார், பாரன்" என்றார் அம்மா.

"அண்ணையின்ரைதை நானும் ஒருக்கா பாக்கட்டே?"

"உது பொடியளின்ரை சாமான். நீ பழுதாக்கிப் போடுவாய்" என்றார் அண்ணை.

அவருக்கு அப்போது பதின்மூன்று. அதற்கு முன்பே வீட்டு மணிக்கூடுகள் இரண்டைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் விட்டவர். பழுதாக்குவது பற்றிக் கதைக்க அவருக்குத் தகுதி இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஏதோ ஒரு குளிர் ஊர்க் கடையில், பொடியனுக்கு ஒரு பக்கம், பெட்டைக்கு ஒரு பக்கம் என்று அடுக்கி வைத்திருந்திருப்பார்கள். அவர் அவசரத்தில் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்றை எடுத்திருப்பார். ஆனால் அந்தக் கடைக்காரன் என்றைக்காவது என் கையில் அகப்பட்டால் அகப்பையாலேயே இரண்டு போடுவேன்.

ஒரு சைக்கிள் சும்மா நின்ற கதை

பிறகு சண்டை தொடங்கி, கரண்ட் போனது. வருஷக்கணக்காக வரவில்லை. யாழ் குடாநாட்டுக்குள் பற்றறி வர அரசாங்கத்தின் தடை. பென்ரோச்சுக்குப் போடும் சின்னப் பற்றறி என்ன பாவம் செய்தது என்று யாரிடம் கேட்பது. றேடியோவில் செய்தி கேட்பதற்குச் சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றத் தொடங்கியது. ஒருவர் சுற்ற வேண்டும், நாலு பேர் கேட்க வேண்டும். சுற்றுகிறவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்பிள்ளையாக இருப்பாள்.

எனக்குப் பதினைந்து வயதானது. ஓ.எல். சோதனை வருஷம். மற்றப் பாடமெல்லாம் எப்படியோ ஒப்பேற்றிவிடுவேன். கணக்கு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. சாவகச்சேரியில் ஒரு ரியூசன் கொட்டிலில் ஒரு கணக்குச் சேர் படிப்பித்தார். அவரிடம் போன பிறகுதான் எக்ஸும் வையும் வருகிற அட்சரகணிதம் கடிக்காது என்று தெரிந்துகொண்டேன். கணக்கில் சித்தியடையாவிட்டால் மேலே படிக்க விடமாட்டார்கள். மேலே படிக்காவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ரோஸ் நிறம் இல்லாத குசினி ஒன்று எனக்காகக் காத்திருந்தது.

ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகு, ஒரு சைக்கிள் மட்டும் கொட்டில் தூணில் சாத்தியபடி நின்றது. என்னோடு படித்த செல்வியின் சைக்கிள். செல்வி இயக்கத்துக்குப் போய்விட்டாள் என்று பொழுது படுவதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் அப்பா என்னைக் கூப்பிட்டார். அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். கதை குறைவு.

"இனிச் சைக்கிளும் வேண்டாம், ரியூசனும் வேண்டாம். பள்ளிக்கூடம் பக்கத்திலைதானே, நடந்து போட்டு வா. மிச்சத்தை வீட்டிலை இருந்து படி."

துவக்கைத் தோளில் கொழுவிய இயக்கப் பெண்பிள்ளைகள் சோடி சோடியாகச் சைக்கிளில் ரோட்டால் போன காலம் அது. ஊரே அவர்களை வாய் பார்த்துக்கொண்டு நின்றது. அதே ரோட்டில் ஒரு கணக்குக் கொப்பியோடு போக எனக்கு அனுமதி இல்லை.

என் சைக்கிள் விறாந்தையில் ஒரு கிழமை சும்மா நின்றது. அண்ணையின் சைக்கிளோ பின் ரயர் வெடித்து, புது ரயர் எங்கும் கிடைக்காமல் வீட்டுப் பின்கோடிக்குள் கிடந்தது. எட்டாம் நாள் நான் பள்ளிக்கூடத்தால் வர, என் சைக்கிள் கவிழ்ந்து கிடக்கிறது. றேடியோ திருத்துகிறவர் ஒருவரிடம் ஏதோ சின்னச் சாமான் வாங்கிப் பூட்டி, விளையாட்டுப் பெட்டிக்கு வயர் இழுத்தாயிற்று.

"உனக்கு இனி உது தேவையில்லைத்தானே" என்றார் அண்ணை.

அவர் அதைக் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

மூன்று மணிக்குச் சாவகச்சேரியில் சேர் கரும்பலகையில் முதல் கணக்கை எழுதுவார். மூன்று மணிக்கு நான் இங்கே பெடலைப் பிடிப்பேன். எனக்கு அழுகை வரும். அழுதால் கை தளரும், கை தளர்ந்தால் திரை மங்கும், திரை மங்கினால் அண்ணை கத்துவார். ஆகையால் அழுகையைக்கூட ஒரு சீராகத்தான் அழ வேண்டியிருந்தது.

ஏணி அவள் காலடியில் இருந்தது

விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். கோட்டையின் அடியில் வீரன். உச்சியில் ராணி. அவளுக்குத் தெரிந்தது இரண்டே வேலை, கையைத் தூக்குவது, கையை இறக்குவது. ஒரு பெரிய பறவை மேலேயிருந்து கல்லுப் போடும். இடப்பக்கம், வலப்பக்கம் என்று இரண்டே இரண்டு பட்டன். கல்லுப் படாமல் விலகி விலகி வீரன் ஏணிகளில் ஏற வேண்டும். உச்சிக்குப் போனால் ஒரு கணம் இருவரும் பக்கத்தில் நிற்பார்கள், ஒரு இருதயம் மின்னும், 'பீப்' என்று சத்தம் வரும். அடுத்த கணம் வீரன் திரும்பவும் கீழே, ராணி திரும்பவும் மேலே.

இதை நான் மாதக்கணக்காக எதிர்ப்பக்கத்தில் இருந்து, தலைகீழாகப் பார்த்தேன். ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டேயிருந்தது. வீரன் ஏறி வருகிற ஏணி ராணியின் காலடியில்தான் போய் முடிகிறது.

"அண்ணை, உவள் ஏன் உந்த ஏணியாலை இறங்கி வரேல்லை?"

"விசர்க்கதை கதைக்காமல் சுத்து."

அன்றைக்கு அண்ணையின் சினேகிதன் நந்தனும் இருந்தான். பக்கத்து ஒழுங்கைக்காரன், கொஞ்சம் யோசிக்கக்கூடியவன். அவன் யோசித்துவிட்டுச் சொன்னான்.

"அவள் தானே இறங்கி வந்தால் பேந்து எங்களுக்கு என்ன விளையாட்டு?"

பிற்காலத்தில் பெண்ணியம் பற்றி எத்தனையோ தடித்த புத்தகங்கள் வாசித்திருக்கிறேன். நந்தனைவிடத் தெளிவாக யாரும் எழுதவில்லை.

பாறையில் மாட்டிக்கொண்டவர்கள்

பழைய கதை ஒன்று ஞாபகம் வருகிறது. கரண்ட் இருந்த காலத்தில் எங்கள் ஒழுங்கையில் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து ஞாயிறு பகலில் படம் போடுவார்கள். ஆம்பிளையள் கதிரையில், நாங்கள் பாயில். எந்தப் படமென்றாலும் கதாநாயகி ஓடுவாள். வெறுந் தரையில் தடக்குப்பட்டு விழுவாள். பிறகு ஏதாவது ஒரு பாறையில் ஏறி இறங்கத் தெரியாமல் நின்று அலறுவாள்.

எங்கள் பாயில் எனக்குப் பக்கத்தில் எப்போதும் ராசமணி அக்கா இருப்பார். கிணற்றுக்குள் விழுந்த ஆட்டுக்குட்டியை, புருஷன் கயிறு தேடப் போன நேரத்தில் தானே இறங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்த மனுஷி. அந்த ராசமணி அக்கா, இடுப்பளவு உயரப் பாறையில் நின்று அலறும் பெண்ணைப் பார்த்துச் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்.

"பாவம், என்னெண்டு இறங்கப்போகுதோ அந்தப் பிள்ளை."

சில வருஷங்களுக்கு முன் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். வீடியோ விளையாட்டுகளில் பெண்கள் என்று தலைப்பு. ஒரு இளம் பிள்ளை படங்களெல்லாம் போட்டு வடிவாகக் கதைத்தார். காப்பாற்றப்படுவதற்காகவே படைக்கப்பட்ட பெண், ஆண் கண்ணுக்காகக் கீறப்பட்ட பெண், பரிசுப் பொருளாகும் பெண் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாம் சரி. கேள்வி நேரத்தில் நான் எழும்பி, "பிள்ளை, அதுக்குப் பற்றறி ஆர் போடுறது?" என்று கேட்டேன். இந்த மனுஷிக்குக் காது கேட்கவில்லையோ என்று பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சைக்கிள் இருந்தது என்பதை அங்கே விளக்க நேரம் தரவில்லை. இங்கே விளக்குகிறேன்.

நானூற்று எண்பத்தேழு

அண்ணைக்கு ஐந்நூறு எடுக்க ஆசை. அதுவரை ஒழுங்கையில் ஒருவரும் எடுத்ததில்லை. ஒழுங்கையில் வேறு ஒருவரிடமும் அந்தப் பெட்டி இல்லை என்பது வேறு விஷயம். ஒரு சனிக்கிழமை நந்தனைச் சாட்சிக்கு இருத்திவிட்டுத் தொடங்கினார்.

பெடல் சுற்றுவது லேசுப்பட்ட வேலை என்று நினைக்க வேண்டாம். வேகம் கூடினால் பெட்டி எரிந்துபோகும். குறைந்தால் திரை மங்கி, ஒரு 'பீப்' சத்தத்தோடு எல்லாம் பூச்சியத்துக்குப் போய்விடும். டைனமோவின் இரைச்சலைக் காதால் கேட்டுக் கேட்டு ஒரே சீராகச் சுற்ற வேண்டும். எனக்கு அது கைவந்திருந்தது.

நானூறு தாண்டியது. நானூற்றைம்பது. நந்தன் வாயைத் திறந்தபடி இருந்தான். அண்ணை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவனிடம் சொன்னார்.

"பாத்தியே, மச்சான். எல்லாம் கையிலைதான் கிடக்கு."

நானும் என் கையைப் பார்த்தேன். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம், ஒன்று உடைந்திருந்தது.

நானூற்று எண்பத்தேழில் கையை எடுத்தேன்.

சில்லு தன்பாட்டில் நாலு சுற்றுச் சுற்றியது. வீரன் மூன்றாம் ஏணியில் நின்றபடியே மங்கினான். பீப்.

பிறகு அண்ணை எழும்பினார். அவர் சொன்னதையெல்லாம் எழுதினால் பத்திரிகை போடாது.

"எனக்கு என்ரை சைக்கிள் வேணும்" என்றேன். "ரியூசனுக்குப் போக வேணும். அதுவரைக்கும் இனி நான் சுத்தமாட்டன்."

"அப்பா விடேல்லையெண்டால் நான் என்ன செய்ய?"

"நீங்கள் சொன்னால் அப்பா கேப்பார். நீங்கள் ஒரு நாளும் சொல்லேல்லை."

அது உண்மை. அண்ணைக்கும் தெரியும். முகம் ஒரு மாதிரிப் போனது. ஆனால் நந்தன் பக்கத்தில் இருக்கும்போது ஆம்பிளைப்பிள்ளை விட்டுக்கொடுக்க முடியுமா.

"சரி. மூண்டு தரம் தாறன். ஒருக்காலாவது நீ இருநூறு எடுத்துக் காட்டு, நான் அப்பாட்டை உனக்காகக் கதைக்கிறன். எடுக்காட்டி வாயை மூடிக்கொண்டு சோதனை வரைக்கும் சுத்த வேணும்."

"ஆர் எனக்குச் சுத்துறது?"

"நான்தான். உதிலை என்ன பெரிய வித்தை கிடக்கு?"

தலைகீழ் ஆட்டம்

மூன்று மாதத்தில் முதல் தடவையாக நான் கதிரையில் இருந்தேன். அண்ணை வாங்கில் குந்தினார்.

முதல் தரம் முப்பத்தாறில் கல்லு விழுந்து முடிந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த விளையாட்டு, கல்லு எந்த ஒழுங்கில் விழும் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன், ஆனால் எல்லாம் பக்கம் மாறி வருகிறது. வலம் என்று நான் நினைப்பது இடத்தில் விழுகிறது. கண்ணில் தண்ணீர் முட்டியது. பிறகுதான் மூளையில் தட்டியது. நான் படித்தது தலைகீழ் விளையாட்டு அல்லவா.

பெட்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தேன். பட்டன்களும் கூடவே திரும்பிக்கொண்டன. ராணி கீழே வந்தாள். வீரன் மேலே தொங்கினான். எனக்குப் பழக்கமான உலகம் இப்போதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"உப்பிடிப் பிடிக்கக் கூடாது" என்றான் நந்தன்.

"எங்கை எழுதிக் கிடக்கு?"

அவன் விளையாட்டோடு வந்த கடதாசியை எடுத்துப் பார்த்தான். முழுக்க ஜேர்மன் பாஷை. மடித்து வைத்தான்.

இரண்டாம் தரம் கல்லு ஒன்றும் என்னைத் தொடவில்லை. தொண்ணூறுவரை போனேன். ஆனால் கரண்ட் சரியில்லை. அண்ணை முதலில் பேய் பிடித்தவர்போலச் சுற்றினார், திரை கறுத்துப்போனது. "மெதுவா" என்று கத்தினேன். மெதுவாக்கினார், திரை மங்கியது. வேர்த்து வழிந்தது. கை மாற்றினார். மாற்றுகிற இடைவெளியில் பீப்.

"உதுவும் கணக்குத்தான்" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "மூண்டிலை ரெண்டு முடிஞ்சுது."

"உங்களுக்குச் சுத்தத் தெரியாதெண்டால் அது என்ரை பிழையே?"

இந்தக் கொழுவல் கேட்டு அம்மா குசினியால் வெளியே வந்தார். என்ன ஏதென்று நந்தன்தான் சொன்னான், ரியூசன், இருநூறு, மூன்று தரம், எல்லாம். அம்மா ஈரக் கையைச் சீலையில் துடைத்தபடி அண்ணையைப் பார்த்தார். அம்மாவும் அப்பாவும் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தம்பி, எழும்பு."

"நீங்கள் என்னம்மா..."

"எழும்பு எண்டு சொன்னனான்."

அம்மா வாங்கில் இருந்தார். அம்மாவிடம் ஒரு கைத் தையல் மெசின் உண்டு. ஒரு கையால் துணியைத் தள்ளிக்கொண்டு மறுகையால் சில்லைச் சுற்றுகிற மெசின். ஊரில் பாதிப்பேர் போட்டிருந்த சட்டை அந்தக் கை சுற்றித் தைத்தது. பதினெட்டு வருஷப் பழக்கம். அவர் பெடலைப் பிடித்து மூன்றாம் சுற்றில் டைனமோ ஒரே சுருதியில் நின்றது. திரை அப்படித் தெளிவாக இருந்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஐம்பது. எண்பது. நூற்றிருபது.

எதிரே இருந்ததால் அம்மாவுக்குக் கோட்டை நேராகத் தெரிந்தது.

"ஆர் பிள்ளை உது மேலை நிக்கிறது?"

"ராணி, அம்மா."

"என்ன செய்யிறா?"

"ஒண்டும் இல்லை. காப்பாத்தச் சொல்லிக் கையைத் தூக்குறா."

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். "வீட்டிலை சமைக்க ஆள் இருக்குப் போலை" என்றார். "நிக்கட்டும், நல்ல காத்து வரும். நீ அவசரப்படாமல் ஏறு."

நூற்றைம்பது தாண்டும்போது படலை திறக்கும் சத்தம். அப்பா.

அப்பா விறாந்தைப் படியில் நின்றார். மனுசி வாங்கில் குந்தியிருந்து சைக்கிள் சுற்றுகிறார், மகள் கதிரையில் இருந்து விளையாடுகிறாள், மகன் வேர்த்துக்கொண்டு சுவரோடு நிற்கிறான்.

"என்ன நடக்குது இஞ்சை?"

"சத்தம் போடாதேங்கோ" என்றார் அம்மா. "பிள்ளை நூற்றறுபதிலை நிக்கிறாள்."

அப்பாவுக்கு என்ன நூற்றறுபது என்று தெரியாது. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவின் பின்னால் வந்து குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் போக, "இடப்பக்கம் கல்லு வருது" என்றார்.

"எனக்கு வலப்பக்கம் அப்பா."

"எந்தப் பக்கமோ, விலத்து."

நூற்றுத் தொண்ணூற்றைந்தில் ஒரு கல்லு மயிரிழையில் தப்பியது. இருநூறு. இருநூற்றைந்து. நான் பெட்டியை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டேன். அம்மா அப்போதும் சுற்றுவதை நிறுத்தவில்லை.

அப்பா சொன்னது

அண்ணை வாக்குத் தவறவில்லை. அதை எழுதாமல் விட்டால் பாவம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்பா, இவளை ரியூசனுக்கு விடுங்கோ" என்றார்.

அப்பா முகம் மாறியது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்த சதி என்று நினைத்தாரோ என்னவோ. வாங்கின் நுனியில் அம்மாவுக்குப் பக்கத்தில் மெல்ல இருந்தார்.

"செல்வியின்ரை சைக்கிளை எடுத்துவர அவளின்ரை தகப்பனோடை நான்தான் போனனான்" என்றார். "அந்த மனிசன் சைக்கிளைத் தொடேல்லை. நான்தான் சாவச்சேரியிலை இருந்து உருட்டிக்கொண்டு வந்தனான். மனிசன் வழியெல்லாம் கூடவே நடந்து வருது, ஒரு கதை இல்லை. இவளின்ரை சைக்கிளை நான் அப்பிடி உருட்டிக்கொண்டு வரமாட்டன்."

எனக்கு இது தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அப்பாவுக்குக் கோபம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது பயம் என்று அப்போதுதான் கண்டேன்.

"பூட்டி வைச்சால் போகாதுகள் எண்டு நினைக்கிறியளே?" என்றார் அம்மா. குரல் உயரவில்லை. "செல்வியையும் தாய் தகப்பன் ஒரு கிழமை பூட்டித்தான் வைச்சவை. வெளியிலை விட்ட அண்டைக்குத்தான் போனவள்."

"நான் போகமாட்டன் அப்பா" என்றேன். "எனக்குக் கணக்கு வேணும்."

அப்பா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கொப்புளங்களைப் பார்த்தார். அண்ணையை நிமிர்ந்து பார்த்தார். அண்ணை நிலத்தைப் பார்த்தார்.

"சரி, போகட்டும்" என்றார் அப்பா கடைசியில். "ஆனால் தனியப் போகக் கூடாது. தம்பி காவலுக்குக் கூடப் போகட்டும்."

எங்கள் வீட்டில் ஓடக்கூடிய சைக்கிள் ஒன்றுதான் என்பதை அப்பா அந்த நேரம் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். வாயைத் திறக்கவில்லை.

காவல்

திங்கட்கிழமை சைக்கிளை நிமிர்த்தி, செயினுக்கு எண்ணெய் விட்டு, இரண்டரைக்கு வெளிக்கிட்டோம்.

"நான் சைக்கிள் ஓடுறன், நீ பின்னாலை இரு" என்றார் அண்ணை.

"என்ரை சைக்கிள்" என்றேன்.

அம்மா வாசலில் நின்றார். அண்ணை அம்மாவைப் பார்த்தார். பிறகு கரியரில் ஏறி இருந்தார். நெடுத்த மனிதர், கால் இரண்டும் நிலத்தில் இழுபட்டன. என்னைக் காவல் காக்க வந்தவரை நான் பின்னால் வைத்து மிதித்துக்கொண்டு போனேன். ஒழுங்கை முடக்கில் நந்தன் நின்றான். ஏதோ கேட்க வாயெடுத்தவன் அண்ணையின் முகத்தைப் பார்த்துவிட்டு வேலிக் கிளுவையில் இலை பிடுங்கத் தொடங்கினான்.

வயல் வெளிக்கு வந்ததும் எதிர்க்காற்றுப் பிடித்தது. முழு மூச்சோடு மிதித்தும் சைக்கிள் நகர மாட்டேன் என்றது. நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் பிரேக் பிடித்தேன்.

"இறங்குங்கோ அண்ணை."

"என்ன?"

"உங்களை வைச்சு மிதிச்சால் முதல் கணக்கு முடிஞ்சிடும். நடந்து வாங்கோ."

"எடியே, அப்பா என்னைக் காவலுக்கெல்லோ விட்டவர்?"

"ஓம். கெதியா நடவுங்கோ."

அவர் இறங்கினார். சைக்கிள் என்ன மாதிரிப் பறந்தது என்கிறீர்கள். சட்டை காற்றில் அடிக்க, கொப்பி கரியரில் துள்ள, ஹாண்டிலைப் பிடித்தபடி நான் தனியே சிரித்துக்கொண்டு போனேன். மூன்று மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

கொட்டிலில் செல்வியின் சைக்கிள் நின்ற தூண் வெறுமையாக இருந்தது. யாரும் அதில் விடுவதில்லை போலிருக்கிறது. நானும் அடுத்த தூணில் சாத்திவிட்டு உள்ளே போனேன். சேர் திரும்பிப் பார்த்தார். எங்கே இத்தனை நாள் என்று கேட்கவில்லை. இரு என்று கையைக் காட்டிவிட்டு முதல் கணக்கை எழுதத் தொடங்கினார்.

அது முடிந்து, இரண்டாவதும் முடிந்து, மூன்றாவது பாதியில் நிற்கும்போது வாசல் இருண்டது. நாற்பது பிள்ளைகளும் திரும்பினார்கள். அண்ணை நின்றார். சேட்டு உடம்போடு ஒட்டியிருந்தது. தலையெல்லாம் புழுதி. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"ஆர் தம்பி நீர்?" என்றார் சேர்.

நான் எழும்பினேன்.

"எனக்குக் காவலுக்கு வந்தவர், சேர்."

சேர் அண்ணையை மேலும் கீழும் பார்த்தார். சோக்கட்டியைக் கீழே வைத்தார்.

"ஆராவது அந்தக் காவலுக்கு எப்பன் தண்ணி குடுங்கோ" என்றார்.